ஆல்பனி திமிங்கல நிலையம்: மெக்கானிக் அப்பாவோடு ஒரு பகல்

"மியூசியம்னுல்லா சொன்ன? இது ஃபாக்டரிட்டீ!"

காரை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் அப்பா சொன்னது இது. குறையாகச் சொல்லவில்லை, குரலில் அப்படியொரு உற்சாகம். அதற்கு முந்தைய மூன்று வாரமும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் எங்கே கூட்டிப்போனாலும் ஐந்தாவது நிமிஷம் உட்கார பெஞ்சு தேடிய மனுஷர். கிங்ஸ் பார்க்கில் ஊரே பூவைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் புல் வெட்டும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் இந்தப் பழைய திமிங்கல வேட்டைத் தொழிற்சாலையைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் பொய். பையனுக்குப் பள்ளி விடுமுறை, வீட்டுக்காரருக்கு மூன்று நாள் லீவு, ஆல்பனியில் அறை கிடைத்தது. அவ்வளவுதான்.

அப்பா தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். நாற்பது வருஷத்துக்கு மேல் டீசலும் கிரீஸுமாகவே இருந்தவர். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இந்த இடத்தை நான் பார்த்ததில் பாதி அவர் கண் வழியாகத்தான்.

பெர்த்திலிருந்து ஆல்பனி 420 கிலோமீட்டர் சொச்சம், தெற்கே. நிறுத்தி நிறுத்திப் போனதில் எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆனது. வழியில் ஒரு கடையில் வாங்கிய, இறைச்சி அடைத்த பை என்ற பலகாரம் வெளியே சுட்டது, உள்ளே ஜில்லென்று இருந்தது; அதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம். திமிங்கல நிலையம் ஆல்பனி ஊருக்குள் இல்லை. அங்கிருந்து இன்னும் இருபது கிலோமீட்டர், ஃபிரெஞ்ச்மேன் பே என்ற வளைகுடாவின் கரையில். டார்ன்டிரப் தேசியப் பூங்காவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

செய்ன்ஸ் பீச் திமிங்கல வேட்டைக் கம்பெனி இங்கே 1952ல் வேலையைத் தொடங்கியது. கடைசித் திமிங்கலத்தைப் பிடித்தது 1978 நவம்பர் 20ஆம் தேதி. அது ஒரு பெண் ஸ்பெர்ம் திமிங்கலம். மறுநாள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் திமிங்கல வேட்டை அதோடு சரி. ஆக, இது பாய்மரக் கப்பல் காலத்துக் கதை இல்லை. 1978ல் அப்பாவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இரண்டே வருஷம் கழித்து, 1980ல், தொழிற்சாலையை அப்படியே காட்சிக்குத் திறந்துவிட்டார்கள். புதுக் கட்டடம் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு எலும்பை வைக்கிற வேலையே இல்லை. பாய்லர், வின்ச், வெட்டுமேடை, எண்ணெய்த் தொட்டி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அப்பா சொன்னது சரிதான்.

வழிகாட்டியோடு சுற்றும் நேரம் டிக்கெட்டோடு சேர்த்தி. அதை விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. காற்றை மீறிக் கேட்கும் குரல். முதலில் கூட்டிப்போனது வெட்டுமேடைக்கு. கடலிலிருந்து ஏறி வரும் ஒரு சாய்தளம், அதன் தலைமாட்டில் பெரிய மரத்தளம். திமிங்கலத்தின் வாலில் சங்கிலியைப் போட்டு வின்ச்சால் இதன் மேல் இழுப்பார்கள். ஹாக்கி மட்டை போல முனை வளைந்த நீளக் கத்திகளோடு ஆட்கள் மேலே ஏறி, கொழுப்புத் தோலை நீளவாட்டில் கீறிவிடுவார்கள். அப்புறம் அதையும் வின்ச்தான் உரிக்கும், வாழைப்பழத் தோலை உரிப்பது மாதிரி. தலையை அறுக்க நீராவியில் ஓடும் பெரிய ரம்பம் தனியாக. தளத்தில் அங்கங்கே துளைகள். வெட்டிய துண்டுகளை அதில் தள்ளினால் நேரே கீழே இருக்கும் கொதிகலன்களுக்குள் விழும்.

அப்பா அந்தத் துளை ஒன்றின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். "மேல வெட்டு, கீழ வேவு. சுமக்க ஆளே வேண்டாம். எவனோ மண்டை உள்ளவன் போட்ட பிளான்ட்டீ" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மண்டை என்பதற்கு மட்டும் மூளை என்று மாற்றிக்கொண்டேன்.

மதுரைக்காரரான என் வீட்டுக்காரர் இந்த இடத்தில் கொஞ்சம் பின்வாங்கி நின்றார். ரத்தம் இல்லை, வாடை இல்லை, கழுவிக் காய்ந்த மரம்தான். ஆனாலும் அந்த அம்மா சொல்லச் சொல்லப் படம் கண்ணில் ஓடியது. மேடையிலிருந்து ரத்தம் வளைகுடாவுக்குள் வடியும். அதற்குச் சுறாக்கள் கூடும். கட்டிவைத்திருக்கும் திமிங்கலத்தை அவை கடித்துத் தின்றுவிடாமல் இருக்கத் துப்பாக்கியோடு ஆள் நிற்பான். வேலை செய்தவர்களின் உடுப்பில் ஏறிய நாற்றம் எந்தச் சோப்புக்கும் மசியாதாம். கருவாட்டுக் களத்துப் பக்கத்தில் வளர்ந்தவள் நான், எனக்கு ஓரளவு கற்பனை செய்ய முடிந்தது. அதை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பெருக்க வேண்டாம்" என்றார்.

அடுத்தது கப்பல். என்னைக் கேட்டால், டிக்கெட் காசு இதற்கு மட்டுமே தகும்.

செய்ன்ஸ் 4 என்ற வேட்டைக் கப்பலைக் கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். 1948ல் நார்வேயில் கட்டியது. கம்பெனி கடைசியில் வைத்திருந்த மூன்று கப்பல்களில் ஒழுங்காக மிஞ்சியது இது ஒன்றுதான். செய்ன்ஸ் 2 ஆல்பனித் துறைமுகத்துக்குள் ஓர் ஓரமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. செய்ன்ஸ் 3ஐக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். நாலாவதில் மட்டும் மேல்தளம், மாலுமிகளின் அறைகள், எஞ்சின் அறை என்று ஏறி இறங்கிப் பார்க்கலாம். படிகள் செங்குத்து, குறுகல். முட்டுவலி உள்ளவர்கள் கீழே நின்று பார்ப்பது நல்லது. எழுபது தாண்டிய அப்பாவும் அந்தக் கணக்கில்தான் வருகிறார். ஆனால் அவர் எங்களைக் கேட்கவில்லை; நான் பையன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் எஞ்சின் அறைக்குள் இறங்கிவிட்டார்.

நான் இறங்கிப் பார்க்கும்போது, இரும்பு மேடையில் நின்று சிலிண்டரைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். நீராவி எஞ்சின். அவர் வாழ்நாளெல்லாம் கழற்றி மாட்டியது டீசல். ஆனாலும் தூரத்துச் சொந்தக்காரரைக் கல்யாண வீட்டில் பார்த்தது போல ஒரு சிரிப்பு. கம்பித் தடுப்புக்கு மேலே கையை நீட்டி எதையோ தொட்டு, விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். "பாத்தியா, கிரீஸு இன்னும் உயிரோட இருக்கு."

1948ல் டீசல் எஞ்சின் கப்பல்களுக்கு நன்றாகவே வந்துவிட்டதே, பிறகு ஏன் நீராவி என்று அவருக்குச் சந்தேகம். மேலே வந்து வழிகாட்டி அம்மாவிடம் கேட்கச் சொன்னார். பதில் எனக்கே சுவாரசியமாக இருந்தது: சத்தம்தான் காரணம். திமிங்கலத்துக்குக் கண்ணை விடக் காதுதான் கூர்மை. டீசலின் தடதடப்பு தண்ணீருக்குள் வெகுதூரம் போகும், அது மிரண்டு ஓடிவிடும். நீராவி எஞ்சின் நைசாக ஓடும். அதோடு முன்னே போகிற எஞ்சினைச் சட்டென்று பின்னோக்கித் திருப்பவும் வசதி. அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் இருந்த இரண்டு வெள்ளைக்காரத் தாத்தாக்களுக்கும் அவருக்கும் கைச் சாடையிலேயே பேச்சு ஓடியது. நான் நடுவில் தேவைப்படவில்லை.

கப்பலின் முன்முனையான அணியத்தில் பீரங்கி. மேல்தளத்திலிருந்து அதற்குப் போக ஒரு ஒடுக்கமான நடைபாலம். திமிங்கலம் நெருங்கியதும் கப்பலின் தலைவரே சுக்கானை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு இந்தப் பாலத்தில் ஓடி வந்து பீரங்கியைப் பிடிப்பாராம். சுடுவதும் அவர் வேலைதான். அதிலிருந்து பாயும் ஹார்ப்பூன் என்பது நான் நினைத்திருந்த ஈட்டி இல்லை. கிட்டத்தட்ட ஓர் ஆள் எடைக்கு வரும் இரும்பு, நுனியில் குண்டு. உள்ளே இறங்கிய சில நொடியில் வெடிக்கும், முள்ளும் விரிந்து பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் அப்பா இரண்டாம் முறை குஷியானார். ஹார்ப்பூனின் கயிறு நேராக வின்ச்சுக்குப் போவதில்லை. பாய்மரக் கம்பம் போல நிற்கும் மாஸ்ட்டின் மேலே ஒரு கப்பி வழியாக ஏறி இறங்குகிறது. அந்தக் கப்பியைப் பிடித்திருக்கும் கம்பி, கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் பெரிய ஸ்பிரிங்குகளோடு இணைந்திருக்கும். நாற்பது ஐம்பது டன் உடம்பு வெட்டி இழுக்கும்போது கயிறு அறாமல் ஸ்பிரிங் கொடுத்து வாங்கும். பேரனிடம் அப்பா விளக்கியது இன்னும் சுருக்கம்: "தூண்டில் கம்பு வளையும்லா, அது மாதிரி. இங்க கப்பலே தூண்டில்." எட்டு வயதுப் பையனுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மறுநாள் வரை எதைப் பார்த்தாலும் தூண்டில்தான்.

மேலே விமானம், தண்ணீருக்குக் கீழே ஒலிக்கருவி என்று இரண்டு பக்கமும் வளைத்துத்தான் வேட்டை நடந்திருக்கிறது. சிறிய விமானம் ஒன்று காலையில் பறந்து கூட்டத்தைக் கண்டுபிடித்து ரேடியோவில் சொல்லிவிடும். சுட்டு விழுந்த திமிங்கலத்துக்குள் காற்றை ஏற்றி மிதக்கவிட்டு, அடையாளம் நட்டு, கப்பல் அடுத்ததைத் தேடிப் போகும். சாயங்காலம் எல்லாவற்றையும் பொறுக்கிக் கட்டி இழுத்து வரும். 1963 வரை ஹம்ப்பேக் திமிங்கலமும் பிடித்திருக்கிறார்கள். அது அருகிப்போய்த் தடை வந்ததும் ஸ்பெர்ம் திமிங்கலத்தை வைத்தே மிச்ச வருஷங்களை ஓட்டினார்கள்.

ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய் எதற்கு என்ற கேள்விக்கு வந்த பதிலில் அப்பா அப்படியே நின்றுவிட்டார். சோப்பு, விளக்கு என்று ஏதோ பழங்கதை வரும் என்று நினைத்தேன். அந்த எண்ணெய் உண்மையில் ஒருவகைத் திரவ மெழுகு. கடும் அழுத்தத்திலும் சூட்டிலும் பிசகாமல் வழுக்கும். அமெரிக்காவில் 1970களின் தொடக்கம் வரை கார்களின் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். "கியர் ஆயிலுக்காட்டீ?" என்று இரண்டு தடவை கேட்டார். வெட்டுமேடையில் அசராத மனுஷர் இங்கே கொஞ்சம் அசந்தார். ஆயிரம் மீட்டருக்குக் கீழே மூழ்கி ஒரு மணி நேரம் மூச்சடக்கும் உயிர், கடைசியில் யாரோ ஒருவனின் கியர் பாக்ஸுக்குள்.

என் வீட்டுக்காரருக்குக் காது விடைத்தது அம்பர்கிரிஸ் பேச்சு வந்தபோது. ஊர்ப் பேப்பரில் மாசத்துக்கு ஒரு தடவையாவது வருமே, திமிங்கல எச்சம் கடத்தல், மதிப்பு இத்தனை கோடி என்று, அதே சரக்குதான். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாவது, வாசனைத் திரவியத்துக்குப் போவது. எல்லாத் திமிங்கலத்திலும் இருக்காது, நூற்றில் ஏதோ ஒன்றில்தான். இந்தியாவில் அதைக் கையில் வைத்திருந்தாலே குற்றம் என்று நான் நினைவூட்டினேன். "சும்மா தெரிஞ்சுக்கிறதுக்குக் கேட்டேன்" என்றார்.

எலும்புக்கூட்டு மண்டபம் பற்றி ஒரு வார்த்தை. பிக்மி நீலத் திமிங்கலம் என்று பெயர்ப்பலகை. பிக்மி என்றால் குள்ளம். நீளம் 22 மீட்டர்! அதன் தாடை எலும்புக்குக் கீழே பையனை நிறுத்திப் படம் எடுத்தோம், எல்லோரும் எடுப்பது போல. அப்பா அங்கே அதிகம் பேசவில்லை. மணப்பாடு நினைவு வந்திருக்கும் என்று நினைத்தேன், அவரே சொன்னார். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு கரையில் எண்பதுக்கு மேல் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பா பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார். படகுக்காரர்கள் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டும் திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. செத்ததைக் கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். "அது ஒவ்வொண்ணும் நம்ம வத்தைப் படகு நீளம்தான் இருக்கும். அதுக்கே அன்னைக்குச் சோறு இறங்கல" என்றார். அப்புறம் 22 மீட்டரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து எண்ணிப் பார்த்தார்.

பழைய எண்ணெய்த் தொட்டிகளையே சின்ன சினிமாக் கொட்டகைகளாக மாற்றியிருக்கிறார்கள். வட்ட இரும்புச் சுவருக்குள் உட்கார்ந்து படம் பார்ப்பது பையனுக்குப் பிடித்தது. அதே வளாகத்தில் கங்காரு, கோலா வைத்த விலங்குப் பூங்காவும் காட்டுப்பூத் தோட்டமும் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்குச் சரி. கப்பலை விட்டு இறங்கிய மனசோடு எனக்குக் கோலா ஏறவில்லை.

மூடிய கதையையும் கேட்டே ஆக வேண்டும். 1977ல் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ்காரர்கள் ரப்பர் படகில் வேட்டைக் கப்பலுக்கும் திமிங்கலத்துக்கும் நடுவே புகுந்தார்கள். மறு வருஷம் அரசு விசாரணைக் கமிஷன் போட்டது. ஆனால் கமிஷன் அறிக்கை வருவதற்கு முன்பே கம்பெனி தானாகவே மூடிக்கொண்டது. அமெரிக்கா எண்ணெய் இறக்குமதியை நிறுத்திவிட்டது, கப்பலுக்கு எரிபொருள் விலை ஏறிவிட்டது, கணக்கு கட்டவில்லை. 1979ல் திமிங்கல வேட்டை கூடாது என்பதை அரசு கொள்கையாகவே ஏற்றது. சுமார் நூறு பேருக்கு வேலை போனது. சின்ன ஊரில் நூறு பேர் என்றால் நூறு வீட்டு அடுப்பு. எனக்கு இந்த இடத்தின் மேல் மரியாதை வந்தது இங்கேதான். வேட்டையாடியவர்களை வீரர்களாகவும் ஆக்கவில்லை, கொலைகாரர்களாகவும் ஆக்கவில்லை. சம்பள வேலை, நாற்றம், ஆபத்து, ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டு மிச்சத்தை நம்மிடம் விட்டுவிடுகிறார்கள்.

பையன் மட்டும் விடவில்லை. "தாத்தா, இவங்கெல்லாம் கெட்டவங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "அந்த நூறு பேருக்கும் செட்டில்மெண்ட் என்ன கொடுத்தானாம்? அந்த அம்மாகிட்ட கேளு" என்றார். கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, இத்தனை நாளில் யாரும் இதைக் கேட்டதில்லை என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் கேட்டது நிஜமாகவே.

நாங்கள் போனது அக்டோபர் முதல் வாரம். ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஹம்ப்பேக்கும் சதர்ன் ரைட் திமிங்கலங்களும் இந்தக் கடல் பக்கம் வருகின்றன. ஆஸ்திரேலியா 2022ல் ஹம்ப்பேக்கை அழியும் நிலை உயிரினப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது, அந்த அளவுக்குப் பெருகியிருக்கிறது. வெட்டுமேடையின் ஓரத்தில் நின்று பையன் அரை மணி நேரம் கடலைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. மூன்று கடற்பறவையும் ஒரு வெள்ளைப் படகும்தான்.

போகிறவர்களுக்குச் சில சொல்லிவிடுகிறேன். காலையில் முதல் சுற்றுக்கே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் காற்று ஆளைத் தள்ளுகிறது. நாங்கள் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டோம். ரத்தம், வெட்டு என்று கேட்டால் கலங்கும் பிள்ளையாக இருந்தால் வழிகாட்டிச் சுற்றில் கொஞ்சம் பின்னால் நில்லுங்கள், பழைய புகைப்படங்கள் எதையும் மறைக்கவில்லை. திரும்பும் வழியில் தி கேப் என்ற பாறைப் பிளவையும் பார்த்துவிடலாம். நாற்பது மீட்டர் கீழே கடல் கொதிக்கும். மொத்தத்தில் மூன்று மணி நேரம் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். எஞ்சின் தெரிந்த ஆள் ஒருவர் உங்களோடு வந்தால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மங்கி கேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.